குருவுக்குக் கும்பிடு, கூலிக்கு நாமம்!

(தஞ்சையில் கலாசாலை ஆசிரியர்களும், மாணவர்களும், பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கலாசாலை ஆசிரியர்கள் தங்கள் வேலையை நன்றாய்ச் செய்வதும், செய்யாமலிருப்பதும் எதனால் என்பதைப் பற்றி நம்மைப் பேசும்படி இக்கூட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். பட்டம் பெற்றவர்கள் இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், கலாசாலையில் படித்திராத நம்மைக் கூப்பிட்டு இதைப் பேசச் சொல்லுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நெல் மணியா, பதரா என்று சொல்ல உழுதவன்தான் வரவேண்டுமென்பதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கும் அது தெரியும். கலாசாலைக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களும் நாம். அதற்கு வரி கொடுக்கிறவர்களும் நாம்.

நம் ஜில்லாவில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. நன்றாகப் பாடம் சொல்லுகிறவரைப் பற்றிக் கேட்டால், "அவர் நாக்கில் சரஸ்வதி குடியிருக்கிறாள்" என்பார்கள். அல்லது, "அவர் வம்சமே வித்வான் வம்சம்" என்பார்கள். சரியாகச் சொல்லாதவரைப் பற்றிக் கேட்டால், "நம் பையன் தலையெழுத்து, அவரிடம் போய் மாட்டிக்கொண்டான்" என்று பெருமூச்சு விடுவார்கள். இதே மனிதர்கள் தங்கள் வயலில் மகசூல் குறைந்தால் என்ன கேட்கிறார்கள்? மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் விட்டார்களா, மதகில் எத்தனை நாள் முறை வைத்தார்கள், விதை எங்கே வாங்கினது, உரம் எத்தனை மூட்டை, பூச்சி எப்பொழுது விழுந்தது என்று கேட்கிறார்கள். வயலுக்குக் காரணம் தேடத் தெரிந்தவர்கள் கலாசாலைக்கு வந்தவுடன் சரஸ்வதியையும் தலையெழுத்தையும் பிடித்துக்கொள்ளுவானேன்? சரஸ்வதி நாக்கில் இருப்பது உண்மையானால் மாதச் சம்பளத்தை அவளுக்கே அனுப்பிவிடலாமே!

இந்த சரஸ்வதி, குரு, தெய்வம் என்கிற பேச்சுக்களால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று தெய்வத்துக்கு முன்னால் குருவை வைத்தார்கள். வைத்தவர்கள் அவருக்குச் சம்பளம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்? நம் நாட்டு அரசுக் கலைக் கலாசாலைகளில் ஏழாயிரம் பேருக்கு மேல் "கௌரவ விரிவுரையாளர்கள்" என்ற பெயரில் வேலை செய்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். கௌரவ விரிவுரையாளராம்! நிரந்தர ஆசிரியராய் முதல் நாள் உள்ளே வருகிறவருக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி அடிப்படைச் சம்பளம் மட்டும் மாதம் 57,700 ரூபாய். பஞ்சப்படி முதலியவை வேறே. பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை, அதே பட்டத்தை வைத்துக்கொண்டு நடத்துகிற கௌரவ விரிவுரையாளருக்கு 2024இல் கிடைத்து வந்தது மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வருஷம் 6,92,400, மற்றவருக்கு 2,75,000. மே மாதம் கலாசாலைக்கு விடுமுறை, ஆகவே சம்பளமும் இல்லை என்கிறார்கள். வயிறு எந்த மாதத்தில் விடுமுறை எடுத்துக்கொள்ளுகிறது? "கௌரவ" என்று பெயரில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, அந்தக் கௌரவத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுகிறார்கள். குருவுக்குக் கும்பிடு, கூலிக்கு நாமம்!

இதைப் பற்றி விதி இல்லையோ என்றால், இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் போட்ட விதிகளில், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், அவர்களுக்கு நிரந்தர உதவிப் பேராசிரியரின் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 2019 ஜனவரியில் அதே குழு, வருகை ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. விதி டில்லியில் பிறக்கிறது; சென்னைக்கு வருகிறது; பேராவூரணிக்கு வந்து சேருவதற்குள் வற்றிப் போகிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தலைமடையில் தண்ணீர் வழிந்தோடுகையிலும் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரத்தில் 1929இல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேண்டியதற்கு மேல் ஆட்களை நியமித்துக்கொண்டே போய், சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் தவித்து, 2013இல் சர்க்கார் சட்டம் செய்து அதை எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று. மிகுதியாயிருந்த ஆசிரியர்களைப் பிறகு பல ஊர் அரசுக் கலாசாலைகளுக்கு அனுப்பினார்கள். ஓரிடத்தில் கரை உடைப்பு, மற்றோரிடத்தில் வறட்சி! இதில் சரஸ்வதியின் வேலை எங்கே இருக்கிறது? மதகைத் திறக்கிறவனின் வேலைதான் இருக்கிறது.

"சம்பளம் குறைந்தால் என்ன? தொண்டு மனப்பான்மையுள்ளவன் நன்றாய்ச் சொல்லிக்கொடுக்க மாட்டானா?" என்று சிலர் கேட்பார்கள். சொல்லிக்கொடுக்கிறார்கள். அரைச் சம்பளத்தில் முழு வேலை செய்கிறவர்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள்; நமக்குத் தெரியும். ஆனால் ஒரு ஸ்தாபனத்தை அதை நம்பி நடத்தலாமா என்பதுதான் கேள்வி. ஒரு வருஷக் குத்தகைக்கு நிலம் பிடித்தவன் என்ன செய்வான்? தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவானா? மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவானா? செய்ய மாட்டான். அடுத்த போகத்துக்கு மிராசுதாரர் நிலத்தை யாரிடம் கொடுப்பாரோ! எடுக்கிறதை எடுத்துக்கொண்டு போவான். அவன் சோம்பேறி என்பதற்காக அல்ல. கணக்குத் தெரிந்தவன் என்பதற்காக. வருஷா வருஷம் தயவில் வேலை பெறுகிற ஆசிரியரும் அப்படித்தான். மூன்று வருஷத்தில் ஒரு மாணவனை ஆளாக்குவோம், ஐந்து வருஷத்தில் ஒரு ஆராய்ச்சியை முடிப்போம் என்று அவர் எப்படித் திட்டம் போடுவார்? தாம் அடுத்த ஜூனில் இங்கே இருப்போமா என்பதே அவருக்குத் தெரியாதே! துறைத் தலைவரிடம், "இந்தப் பாடத் திட்டம் பழையது, மாற்ற வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லத்தான் முடியுமா?

நம் ஜில்லாவில் இது புதிய தந்திரமும் அல்ல. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக்கூடாது, இன்ன கூலி கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. உடனே மிராசுதாரர்கள் பலர் என்ன செய்தார்கள்? பண்ணையாளாக இருந்தவனை அன்றாடக் கூலியாக மாற்றிவிட்டார்கள். சட்டம் பண்ணையாளுக்குத்தானே, கூலிக்காரனுக்கு இல்லையே! வயலும் அதே வயல், ஆளும் அதே ஆள். பெயர் மாத்திரம் வேறே. விதி ஒப்பந்த ஆசிரியருக்கு என்றால், கௌரவ ஆசிரியர் என்று பெயர் வைத்துக்கொள்ளுகிற இந்த யுக்தி எங்கே கற்றுக்கொண்டது என்று இப்பொழுது புரிகிறதல்லவா?

நிலைத்த வேலை ஒரு மனிதனை என்ன செய்ய வைக்கும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே சாட்சி இருக்கிறது. 1854இல் ஏற்பட்ட கும்பகோணம் கலாசாலையில் 1880இல் தமிழாசிரியராய்ச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதய்யர். அதற்கு முன் மடத்தின் ஆதரவில் இருந்தவர். கலாசாலை வேலையில் இருந்துகொண்டுதான் அவர் ஏடு தேடினார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். 1903இல் சென்னைக்குப் போகிறவரை 23 வருஷம் அதே ஊர், அதே கலாசாலை. அவருடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் சம்பளத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஜூனிலும் "உம்மை மறுபடியும் எடுப்போமோ, மாட்டோமோ" என்று சொல்லியிருந்தால் சிந்தாமணி ஏட்டிலேயே செல்லரித்துப் போயிருக்கும். அந்த வேலையை அவருக்கு விட்டுக்கொடுத்து, சிபாரிசும் செய்து வைத்தவர் தியாகராச செட்டியார் என்கிற பார்ப்பனரல்லாதார் என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். இம்மாதிரியான ஒரு காரியம் எதிர்த்திசையில் நடந்ததாக யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள நாம் ஆவலாயிருக்கிறோம்.

சரி, நிரந்தர வேலையும், நல்ல சம்பளமும் கொடுத்துவிட்டால் எல்லோரும் நன்றாய் வேலை செய்துவிடுவார்களா என்றால், இல்லை. இதை மறைத்துப் பேசுவது பகுத்தறிவுக்காரர்கள் வேலையல்ல. மாதம் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, இருபது வருஷத்துக்கு முன் எழுதிய நோட்டை, மஞ்சள் பூத்த காகிதத்தோடு, அப்படியே வாசித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் போதாதா? போதும். அப்படியானால் குறை எங்கே?

அமெரிக்காவில் ஹெர்ஸ்பெர்க் என்கிற மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர், பிட்ஸ்பர்க் பக்கத்துத் தொழிற்சாலைகளில் என்ஜினீயர்களும் கணக்கர்களுமாகச் சுமார் 200 பேரை விசாரித்து 1959இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். "எப்பொழுது உனக்கு வேலையில் சந்தோஷம் உண்டாயிற்று? எப்பொழுது வெறுப்பு உண்டாயிற்று?" என்று கேட்டிருக்கிறார். வெறுப்புக்குக் காரணமாக அவர்கள் அதிகமாய்ச் சொன்னது நிர்வாகத்தின் கோணல், மேலதிகாரியின் நடத்தை, சம்பளம், வேலையிடத்தின் வசதிக் குறைவு ஆகியவை. சந்தோஷத்துக்குக் காரணமாகச் சொன்னதோ வேறே: ஒன்றைச் செய்து முடித்தோம் என்பது, அதை நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பது, வேலையே ருசியாயிருந்தது என்பது. சம்பளம் வெறுப்பைப் போக்கும். அதனாலேயே ஊக்கம் வந்துவிடாது என்றார் அவர். பின்னால் வந்தவர்கள் இதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டு நிர்வாகிகள் சிலர் இதில் பாதியை மட்டும் படித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, பணம் முக்கியமில்லையாம்!" என்பார்கள். தண்ணீர் மட்டும் போதாது என்று விவசாய அதிகாரி சொன்னால் மதகை மூடிவிடு என்றா அர்த்தம்?

நல்ல வேலையை ஒப்புக்கொள்ளுவதற்கு நம்மவர்கள் என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று பாருங்கள். 2010இல் மானியக் குழு ஆசிரியர்களுக்கு மார்க்குப் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டுரை எழுதினால் இத்தனை மார்க்கு, மாநாட்டுக்குப் போனால் இத்தனை மார்க்கு. மார்க்குச் சேர்ந்தால் பதவி உயர்வு. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனுக்கு விளங்கிற்றா என்பதற்கு நியாயமான மார்க்கு கிடையாது; ஏனென்றால் அதை எண்ணுவது கஷ்டம். உடனே கட்டுரை அச்சடித்துக் கொடுக்கிற வியாபாரிகள் கிளம்பினார்கள். பணம் கொடுத்தால் இரண்டு நாளில் "சர்வதேச" ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை! கோவிலில் காசுக்கு அர்ச்சனைச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் அதே மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் ஜாபிதாவிலிருந்து 4,305 பத்திரிகைகளை அடித்துவிட்டது. எதை அளக்கிறாயோ அது பெருகும். பதரை மரக்காலால் அளந்து கூலி கொடுத்தால் பதர்தான் களத்துக்கு வரும்.

அதைவிடப் பெரிய குறை, உள்ளே வரும் வாசலில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் வேலை ஒன்றுக்கு 30 லட்சம் ரூபாய் கேட்டார் என்கிற புகாரின் பேரில் லஞ்ச ஒழிப்பு அதிகாரிகளால் கைது செய்யப்பட்டார். வழக்கு கோர்ட்டின் காரியம். அதில் நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் வேலைக்கு விலை உண்டு என்பது ஊரறிந்த பேச்சாக இருக்கிறதா, இல்லையா? நம் தஞ்சையில் 1981இல் தமிழுக்கென்று ஏற்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், முன் நடந்த ஆசிரியர் நியமனங்கள் பற்றிய புகார் வளர்ந்து, 2024 நவம்பரில் துணைவேந்தரை, அவர் ஓய்வு பெறச் சில வாரமே இருக்கையில், இடைநீக்கம் செய்யும் வரை வந்தது. மேலே இவ்வாறிருந்தால் கீழே பாடம் எப்படி நடக்கும்? முப்பது லட்சம் முதல் போட்டு ஒருவன் உள்ளே வந்தால் அவன் கண் எதன்மேல் இருக்கும்? போட்ட முதலை எடுப்பதன்மேல்தான். வட்டிக் கடையோ, மனை வியாபாரமோ, மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கையெழுத்துப் போட "கவனிப்போ", எதிலாவது எடுப்பான். அவனோடு கூட நேர்மையாய் வந்தவனும் ஒரே அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் ஊக்கம் என்ன ஆகும்?

இனி, தனி மனிதனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாக் குற்றத்தையும் நிர்வாகத்தின் தலையில் போட்டுவிட்டு ஆசிரியத் தோழர்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது. தாம் சொல்லிக்கொடுப்பதைத் தாமே நம்பாத ஆசிரியர் எப்படி நன்றாய்ச் சொல்லிக்கொடுப்பார்? 2019 டிசம்பர் 26இல் கங்கண சூரிய கிரகணம் திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போயிற்று. நிமிஷக் கணக்காய் முன்கூட்டியே எழுதி வைத்தபடி நடந்தது. பௌதிக ஆசிரியர்களுக்கு அதைவிடச் சிறந்த பாட நாள் கிடைக்குமா? மாணவர்களை வெளியே கொண்டுவந்து, கண்ணுக்குக் கெடுதியில்லாத கண்ணாடி கொடுத்துக் காட்டியவர்கள் உண்டு. அவர்களை நாம் வணங்கவில்லை, பாராட்டுகிறோம். ஆனால் வகுப்பில் சந்திரன் குறுக்கே வருகிறது என்று படம் போட்டுவிட்டு, வீட்டில் ஜன்னலைச் சாத்தி, சோற்றுப் பானையில் தர்ப்பை போட்டு, கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் வைத்த பேராசிரியர்களும் உண்டு. ரசாயனச் சாலையில் சோதனைக் குழாய்க்குச் சந்தனப் பொட்டு வைத்து ஆயுத பூஜை நடத்துகிறார்கள். அந்தப் பையன் எதைக் கற்றுக்கொள்ளுவான்? சாஸ்திரம் என்பது பரீட்சைக்கு, பூஜை என்பது வாழ்க்கைக்கு என்று கற்றுக்கொள்ளுவான். இதற்குச் சம்பளக் குறைவு காரணமா? இல்லை. மானக் குறைவுதான் காரணம்.

பாஷை விஷயமும் அப்படியே. நன்னிலத்திலிருந்தும், வேதாரண்யத்திலிருந்தும் வருகிற பையன் தமிழில் படித்துவிட்டு வருகிறான். ஆசிரியர் இங்கிலீஷ் நோட்டைச் சொல்லச் சொல்ல, அவன் எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்ளுகிறான். விளங்கச் சொல்ல வேண்டுமானால் ஆசிரியருக்கே முதலில் விளங்கியிருக்க வேண்டும். தெரியாததை மறைக்க இங்கிலீஷைப்போல நல்ல போர்வை வேறில்லை. முன்னே சமஸ்கிருதம் செய்த வேலையை இப்பொழுது அது செய்கிறது.

பெண் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி வகுப்பு என்பது விதி. அதற்கு வேண்டிய படிப்பு, விடைத்தாள், பரீட்சை மேற்பார்வை எல்லாம் தனி. ஆண் ஆசிரியர் வீட்டுக்குப் போனால் காப்பி வருகிறது; புத்தகத்தை எடுக்கிறார். பெண் ஆசிரியர் வீட்டுக்குப் போனால் அடுப்பு வருகிறது. காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையை அனுப்பி, கும்பகோணம் பஸ்ஸில் நின்றுகொண்டே தஞ்சாவூர் வந்து சேருகிற அம்மையாரிடம், "உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எங்கே?" என்று கேட்கிறார்கள். அவர் புருஷனையல்லவா அந்தக் கேள்வி கேட்க வேண்டும்! இங்கே கைதட்டுகிற ஆண் தோழர்கள் இன்று இரவு யார் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பிறகு தட்டலாம்.

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.

"வகுப்புவாரி உரிமையில் திறமையில்லாதவர்கள் ஆசிரியர்களாய் வந்துவிடுவதால்தான் தரம் கெடுகிறது என்கிறார்களே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதே பாட்டை 1921இல் வகுப்புவாரி உத்தரவு போட்ட நாளிலிருந்து பாடுகிறார்கள். 30 லட்சத்தோடு வருகிறவனிடம் திறமை எங்கே என்று கேட்காத வாய், தகுதிப் பரீட்சை எழுதித் தேறி வருகிறவனிடம் மாத்திரம் கேட்கிறது. உள்ளே வரத்தான் சுலபமாய் விட்டார்களா? நம் திருவாரூரில் 2009இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அம்மாதிரி மத்திய ஸ்தாபனங்களில், முழு ஸ்தாபனத்தையும் ஒன்றாக எண்ணி இடம் ஒதுக்கக்கூடாது, ஒவ்வொரு துறையையும் தனியாக எண்ண வேண்டும் என்று 2017இல் அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அந்தக் கணக்கில் பிற்பட்டவருக்கு நாலாவது இடம், தாழ்த்தப்பட்டவருக்கு ஏழாவது இடம், பழங்குடியினருக்குப் பதினாலாவது இடம். ஒரு துறையில் மூன்றே இடமிருந்தால்? மூவருக்கும் பூஜ்யம்! நாடெங்கும் கிளர்ச்சி நடந்து, 2019இல் பார்லிமெண்டில் சட்டம் வந்த பிறகுதான் இது மாறிற்று. இவ்வளவையும் தாண்டி உள்ளே வந்தவரை ஆசிரியர் அறையில், "நீங்கள் கோட்டாவா?" என்று ஒரு சிரிப்போடு கேட்பார்கள். தினம் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகிற மனிதனின் வேலையை அளக்கிறவர்கள், முதலில் அந்தச் சிரிப்பை அளக்க வேண்டும்.

மற்றொரு சீட்டு, ஒரு விவசாயத் தோழர் எழுதியது: "இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?" நிரம்பச் செய்ய முடியும். 2005ஆம் வருஷத்திய தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைக் காகிதம், பத்து ரூபாய் கோர்ட் கட்டண ஸ்டாம்பு. உங்கள் பிள்ளை படிக்கிற அரசுக் கலாசாலையின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கடைசியாய்ச் சம்பளம் போட்ட தேதி எது, ரசாயனச் சாலைக்கு இந்த வருஷம் வாங்கிய சாமான்களின் ஜாபிதா எங்கே என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அப்பீல் உண்டு. மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்தவுடன் மேடைக்கு வலதுபுறம் போட்டிருக்கிற மேஜைக்கு வாருங்கள். நம் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஸ்டாம்பை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.